கீழே ஓடும் எழுத்து

என்ன அனுப்புகிறேன் என்று தெரியாமலே நான் சில வருஷம் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கிலிருந்து நடந்து போகிற தூரத்தில் சிறு காப்பி விவசாயிகள் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் அலுவலகத்தில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர், கடிதங்கள், உறுப்பினர் பட்டியல் எல்லாம் என் பொறுப்பு. எங்களுக்கு ஒரு கள அலுவலர் உண்டு. வேளாண்மை படித்தவர், பவானிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை சார் என்பேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தோட்டம் தோட்டமாகப் போவார். காப்பிச் செடிக்குக் கவாத்து எப்படிச் செய்வது, நிழல் மரத்தில் எந்தக் கிளையைக் கழிப்பது, பறித்த பழத்தை எப்படிக் காயவைப்பது என்று அங்கேயே நின்று, தோட்டத்துக்காரர் கையில் போனைக் கொடுத்து நாலைந்து நிமிஷம் பேசி எடுத்து, அலுவலக மெயிலுக்கு அனுப்பிவைப்பார். நான் அதை இறக்கி உறுப்பினர்களின் போன் குழுவில் போடுவேன். அவ்வளவுதான் என் பங்கு.

எனக்குக் காது சரியாகக் கேட்காது. இருபத்தெட்டு வயதில் குறைய ஆரம்பித்து, முப்பத்தைந்துக்குள் பெரும்பகுதி போய்விட்டது. காது மெஷின் வைத்திருக்கிறேன். அதை வைத்தால் தகரக் கூரையில் விழுகிற மழையும் எதிரே இருப்பவர் குரலும் ஒரே கனத்தில் வந்து மோதும். ஆள் முகத்துக்கு நேரே நின்று நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். மீதியைக் காகிதத்தில் எழுதிக் காட்டச் சொல்வேன். ஆனால் வீடியோவில் சார் எப்போதும் செடியைப் பார்த்தே பேசினார். எனக்குத் தெரிந்தது அவருடைய தொப்பியும் முதுகும் காற்றில் ஆடுகிற இலைகளும்தான். சத்தம் வருகிறதா என்று மெஷினை ஒட்டிவைத்துப் பார்ப்பேன். கரகரவென்று ஏதோ வரும். சரி, வருகிறது என்று அனுப்பிவிடுவேன். உள்ளே என்ன பேசியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது என்பதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

ஒரு நாள் மஞ்சக்குட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார். காப்பியும் மிளகும் கொஞ்சம் ஆரஞ்சும் வைத்திருக்கிறவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வந்ததும் என் எதிரே உட்கார்ந்து, எனக்குக் காது கேட்காது என்று தெரிந்தவராதலால் வாயை நன்றாகத் திறந்து பேசினார்.

“ஏனுங்க அம்மணி, நேத்து ஒரு வீடியோ போட்டீங்களே. அதுல சாரு இலைக்கு அடியில பாக்கச் சொன்னாருங்க. அது எந்தப் பூச்சிக்குங்க?”

சார் அன்றைக்கு அலுவலகத்தில் இல்லை. நான் வீடியோவைத் திறந்து ஓட்டினேன். அந்த அம்மா காது கொடுத்துக் கேட்டார். நான் சாருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடி முடிந்ததும் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். விளக்கம் வரும் என்று காத்திருக்கிறார்.

“சார் வந்ததும் கேட்டுச் சொல்றேனுங்க” என்றேன்.

“நீங்கதானுங்களே அனுப்புனீங்க?”

குற்றமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் முகம் சுருங்கிப்போயிற்று.

வீடியோவைக் கேட்டு, பேசுவதை எழுத்தாக்கி, படத்துக்குக் கீழே சப்டைட்டிலாக ஓடவிடுகிற செயலிகள் இருப்பதை அந்த வாரமே தேடிக் கண்டுபிடித்தேன். தமிழும் எழுதும் என்று போட்டிருந்தது. கவாத்து பற்றிய ஒரு பழைய வீடியோவை ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். திரும்பி வந்ததைத் திறந்தால், சாருடைய முதுகுக்குக் கீழே எழுத்து ஓடியது. “இந்தக் கிளையப் பாருங்க. மாமியார் ஊருக்கு வந்த மருமகன் மாதிரி. ஒரு வேலையும் செய்யாது, சாப்பாடு மட்டும் நல்லாக் கேக்கும். வெட்டிருங்க.”

நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். இத்தனை நாள் பக்கத்து மேஜையில் இருந்த மனுஷர் இவ்வளவு வேடிக்கையாகப் பேசுவார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. காகிதத்தில் எனக்கு எழுதிக் காட்டும்போது “நாளை லீவு”, “பட்டியல் வேண்டும்” என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். அன்று சாயங்காலத்துக்குள் பழைய வீடியோக்களில் ஏழெட்டை வாசித்துத் தீர்த்தேன்.

ஆனால் வேலை இழுத்தது. மெயிலிலிருந்து வீடியோவை இறக்கவேண்டும், செயலியில் ஏற்றவேண்டும், காத்திருக்கவேண்டும், மறுபடி இறக்கவேண்டும், பிறகு அனுப்பவேண்டும். மலையில் மூடுபனி இறங்கி மழையும் பிடித்துக்கொண்டால் பாதி ஏறினதும் சிக்னல் அறுந்துபோகும். மறுபடி முதலிலிருந்து. ஒரு வீடியோவுக்கு அரை நாள் போனது. மேஜையில் கடிதங்கள் சேர்ந்தன.

இதற்கு வழி தேடும்போதுதான் ஒரு செயலியை இன்னொரு செயலியோடு கோர்த்துவிடலாம் என்று தெரிந்தது. திரையில் கட்டம் கட்டமாக வரும். முதல் கட்டத்தில், அலுவலக மெயிலுக்கு வீடியோவோடு ஒரு மெயில் வந்தால் என்று சொல்லவேண்டும். அடுத்த கட்டத்தில், அதிலிருக்கிற வீடியோவை எடுத்து சப்டைட்டில் செயலிக்குக் கொடு என்று சொல்லவேண்டும். மூன்றாவதில், வந்ததை எனக்கு மெயிலில் அனுப்பு. கட்டத்துக்குக் கட்டம் ஒரு கோடு இழுத்துவிட்டால் முடிந்தது. எங்கள் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், ஏற்காடு முழுக்கச் சிக்னல் இல்லாவிட்டாலும், எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டரில் வேலை நடந்துவிடும். மறுநாள் நான் வந்து பார்த்தால் போதும்.

முடிந்தது என்று சொல்லிவிட்டேன். கற்றுக்கொள்ள மூன்று வாரம் ஆனது. சொல்லிக்கொடுக்கிற வீடியோ எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. நல்லவேளை, கீழே எழுத்து இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு வரி ஓடினதும் நிறுத்தி, தெரியாத சொல்லுக்கு அர்த்தம் பார்த்து, நோட்டில் எழுதி, அடுத்த வரி. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஆறு மாதம் போயிருக்கிறேன். அதற்கு மேல் இல்லை.

சாரிடம் அனுமதி கேட்டேன். அலுவலக மெயிலில் கை வைக்கிற விஷயம், கேட்காமல் செய்யக்கூடாது. நான் நோட்டில் வரைந்திருந்த கட்டங்களை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பேனாவை வாங்கிக் கீழே எழுதினார்: “எனக்கே இது தெரியாது அக்கா. செய்ங்க.”

முதல் நாள் நடந்ததைச் சொல்லியாகவேண்டும். காலையில் சார் ஒரு வீடியோ அனுப்பினார். நான் கோர்வையை இயக்கிவிட்டு, டீ குடிக்க ஒண்டிக்கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மெயிலில் அதே வீடியோ இருபதுக்கு மேல் வந்து நிற்கிறது. வந்துகொண்டும் இருக்கிறது. ஒன்றைத் திறந்தேன். எழுத்து ஓடியது. அடுத்ததில் எழுத்தின் மேல் எழுத்து. அதற்கடுத்ததில் அதன் மேலும் எழுத்து. கடைசியில் வந்ததில் செடியே தெரியவில்லை, திரை பூராவும் “கவாத்து கவாத்து” என்று எழுத்துதான்.

நான் செய்த தப்பு என்னவென்றால், முடிந்த வீடியோவை அதே அலுவலக மெயிலுக்கே அனுப்பச் சொல்லியிருந்தேன். அது வந்து விழுந்ததும், புது வீடியோ வந்திருக்கிறது என்று எடுத்து மறுபடி எழுத்து போட்டிருக்கிறது. அதுவும் வந்து விழ, மறுபடி. யாராவது நிறுத்தும்வரை அது நிறுத்தாது. நான் நிறுத்தியபோது அந்த மாதத்துக்கு சப்டைட்டில் செயலி இலவசமாகத் தருகிற நிமிஷம் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சார் உள்ளே வந்ததும் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். குனிந்து பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார், நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. அடுத்த மாதம் பிறக்கும்வரை காத்திருந்தோம். அதற்குள் நான் மருந்து கண்டுபிடித்துவிட்டேன். முதல் கட்டத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஒரு நிபந்தனை: மெயில் அனுப்பியது நாமேதான் என்றால் ஒன்றும் செய்யாதே. ஒரே வரி. அதன் பிறகு அந்தச் சிக்கல் வரவே இல்லை.

அடுத்த வீடியோ ஒழுங்காக வந்தது. எழுத்தோடு உறுப்பினர் குழுவில் போட்டேன். பெருமையாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் மஞ்சக்குட்டை அம்மாவிடமிருந்து செய்தி வந்தது.

“ஏனுங்க அம்மணி, காஞ்ச காப்பிய எதுக்குங்க ஊட்டிக்குக் கொண்டு போவோணும்? அங்க நம்மதைவிட நொம்ப மழையாச்சுங்களே.”

ஓடிப்போய் வீடியோவில் அந்த எழுத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சார் சொன்னது, மழை வருகிற மாதிரி இருந்தால் காய்கிற காப்பியை “ஊட்டுக்குக் கொண்டு போயிருங்க” என்று. எங்கள் பக்கத்தில் வீட்டை ஊடு என்றுதான் சொல்வோம். அந்தச் செயலிக்கு எங்கே தெரியும்? ஊட்டுக்கு என்பதை ஊட்டிக்கு என்று எழுதிவிட்டது. குழுவில் அன்று முழுக்க அதே பேச்சு. ஒருவர் “ஊட்டிக்கு எத்தன மணிக்குங்க பஸ்?” என்று கேட்டிருந்தார்.

சிரித்தாலும், விட்டுவிட முடியாது. நான் கோர்வையை மாற்றினேன். இப்போது சப்டைட்டில் வந்ததும் நேராக வீடியோவில் ஏறாது. முதலில் எழுத்து மட்டும் எனக்கு மெயிலில் வரும். நான் வாசித்துத் திருத்தி, சரி என்று பட்டனை அழுத்தினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். எங்கள் சொற்களுக்கு ஒரு பட்டியலும் செயலிக்குள் எழுதிவைத்தேன். ஊடு, நொம்ப, காய்த்துளைப்பான், சில்வர் ஓக், களம் என்று தினமும் இரண்டு மூன்று சேர்ந்தது.

காது கேட்காதவள் எப்படித் திருத்துவாள் என்று நீங்கள் கேட்கலாம். சங்கத்திலேயே ஒருவர் கேட்டார். நான் கொட்டச்சேட்டில் எஸ்டேட் லைனில் பிறந்தவள். அப்பா அந்த எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தார். இருபத்தெட்டு வயதுவரை இந்த மலையில் யார் எதை எப்படிச் சொல்வார்கள் என்று என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அது எங்கும் போய்விடவில்லை. எழுத்து தடுக்கிற இடத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குள்ளே கேட்கும். அதோடு சாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், செடியைக் காட்டுங்கள், ஆனால் என்னைப் பார்த்துப் பேசுங்கள் என்று. அதிலிருந்து அவர் தொப்பியைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு நேராகத் திரும்பிப் பேசினார். உதடு தெரிந்துவிட்டால் எனக்குப் போதும்.

அது ஒரு தடவை பெரிய உதவியாக இருந்தது.

காப்பியில் மாவுப்பூச்சி வந்திருந்த சமயம். சார் வேப்பெண்ணெய் தெளிப்பது பற்றி ஒரு வீடியோ அனுப்பினார். எழுத்து எனக்கு வந்தது. “ஒரு லிட்டர் தண்ணிக்கு அம்பது மில்லி” என்று இருந்தது. எனக்கு இடித்தது. எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கிற எலுமிச்சைக்கு நானே தெளித்திருக்கிறேன், லிட்டருக்கு அஞ்சு மில்லி. அம்பது ஊற்றினால் இலை கருகிக் கொட்டிவிடும். செயலிதான் தப்பாக எழுதியிருக்கும் என்று அஞ்சு என்று மாற்றப் போனேன். மாற்றுமுன் பார்த்துவிடுவோமே என்று அந்த இடத்தை மட்டும் ஓட்டினேன். மறுபடி ஓட்டினேன்.

சார் எதிர் மேஜையில் இருந்தார். கூப்பிட்டேன்.

“சார், இதுல அம்பதுன்னு சொல்லியிருக்கீங்க.”

அவர் இல்லையென்று தலையாட்டினார். என் பக்கம் திரும்பி, “மெஷின் தப்பாக் கேட்டிருக்குங்க அக்கா. அஞ்சுதான்” என்றார்.

“இல்லைங்க சார். அஞ்சுன்னு சொன்னா உதடு ஒட்டாதுங்க. அம்பதுன்னா ஒட்டும். உங்களுக்கு ஒட்டுதுங்க.”

அவர் ஒரு தடவை தனக்குள்ளேயே அஞ்சு, அம்பது என்று சொல்லிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். முகம் மாறியது. இயர்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, காகிதத்தை இழுத்து எழுதினார்: “நான்தான் தப்பாச் சொல்லியிருக்கேன்.” கொஞ்சம் யோசித்து அதன் கீழே இன்னொரு வரி: “முன்ன மாதிரி இருந்தா இது அப்படியே போயிருக்கும்.”

அவர் அன்றைக்கே அதே தோட்டத்துக்கு ஜீப் பிடித்துப் போய், மறுபடி எடுத்து அனுப்பினார். நான் அஞ்சு என்கிற எழுத்தை மட்டும் பெரிதாக வைத்து அனுப்பினேன். அந்தப் பருவத்தில் எங்கள் உறுப்பினர் ஒருவர் தோட்டத்திலும் இலை கருகவில்லை. அந்தக் காகிதத்தை நான் வைத்திருக்கிறேன். பீரோவில், ரேஷன் கார்டுக்கும் ஞானஸ்நானச் சீட்டுகளுக்கும் நடுவில்.

என் வீட்டுக்காரர் மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறார். அதிகம் பேசுகிறவர் இல்லை. எனக்கும் அவருக்கும் பாதிப் பேச்சு போனில் செய்தியாகத்தான் நடக்கும். நான் செய்வதைப் பற்றி அவர் நல்லது கெட்டது எதுவும் சொன்னதில்லை. மஞ்சக்குட்டை அம்மா ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

“ஜீப்புல எஞ்சின் சத்தத்துக்கு ஒண்ணும் கேக்காதுங்க. எல்லாரும் எழுத்தப் படிச்சுக்கிட்டேதான் வருவோம். உங்க ஊட்டுக்காரரு புதுசா ஆரு ஏறுனாலும் சொல்லுவாருங்க, ‘அது எங்கூட்டுக்காரி எழுதுறதுங்க’ன்னு. தெனமும் சொல்லுவாரு. எங்களுக்கே சலிச்சுப்போச்சுங்க.”

அன்று சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். “ஜீப்புல என்னமோ சொல்றீங்களாமே?”

“ஆரு சொன்னது?” என்றார். குளிக்கப் போய்விட்டார்.

கொஞ்ச நாளில் சேலத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. வெவ்வேறு மலைகளில் இருக்கிற எங்களைப் போன்ற சங்கங்கள் ஒன்றாகக் கூடுகிற பயிற்சி. சார் எங்கள் வீடியோக்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார் போல. அதை எப்படிச் செய்கிறோம் என்று வந்து விளக்கவேண்டும். சாரே பேசுவார் என்று நினைத்தேன். பட்டியலில் என் பெயர் இருந்தது.

“நான் எப்படிங்க சார் பேசுறது? என் குரல் எனக்கே கேக்காதுங்க. கத்துறனா முணுமுணுக்கறனான்னுகூடத் தெரியாதே.”

“நான் முன்னால உக்காந்துக்கறேன் அக்கா. சத்தம் அதிகமானா கையக் கீழ காட்டறேன். கம்மியானா மேல காட்டறேன்.”

காலை பஸ்ஸில் இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க நான் நோட்டைத் திருப்பிக்கொண்டே வந்தேன். அரங்கத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். பெரிய திரையில் என் கட்டங்களும் கோடுகளும் தெரிந்தன. பக்கத்தில் இன்னொரு திரையில், யார் மைக்கில் பேசினாலும் எழுத்தாக ஓடும்படி காலையிலேயே நான் ஏற்பாடு செய்துவிட்டேன். கேள்வி கேட்டால் எனக்குத் தெரியவேண்டுமே.

பேச ஆரம்பித்தேன். சாருடைய கை முதலில் மேலே போயிற்று, பிறகு கொஞ்சம் கீழே, பிறகு மடியில் அப்படியே இருந்துவிட்டது. மெயிலைச் சொன்னேன், நிபந்தனையைச் சொன்னேன், எழுத்தின் மேல் எழுத்து ஏறிய கதையைச் சொன்னேன். ஊட்டியைச் சொன்னபோது அரங்கம் குலுங்கியது. சிரிப்பு எனக்குக் கேட்கவில்லை, தோள்கள் ஆடுவது தெரிந்தது. அம்பது மில்லியைச் சொல்லலாமா என்று தயங்கினேன். சாரே எழுந்து நின்று மைக்கை வாங்கி, “அந்தத் தப்பு நான் பண்ணினதுங்க. கண்டுபிடிச்சது அக்கா” என்று சொன்னார். அது திரையில் எழுத்தாக ஓடியது.

பின் வரிசையில் ஒருவர் எழுந்தார். அவர் கேட்டது திரையில் வந்தது: “மேடம், இத எந்தக் கம்பெனி செஞ்சு குடுத்தாங்க?”

“கம்பெனி இல்லைங்க. நான்தானுங்க செஞ்சேன்.”

நாற்பது ஜோடிக் கைகள் தட்டியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

முடிந்ததும் ஏழெட்டுப் பேர் என் கம்ப்யூட்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். கொல்லிமலையிலிருந்து வந்த ஒரு பெண், தங்கள் சங்கத்தில் அவளும் என் மாதிரியே மெயில் பார்க்கிறவள், ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்தாள். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்து, “எங்க பக்கத்துச் சொல்லு வேற மாதிரிங்க அக்கா. அதையும் இது தப்புத் தப்பா எழுதுமா?” என்று கேட்டாள்.

“எழுதும். உங்க சொல்லு உங்களுக்குத்தான் தெரியும். இப்பவே பட்டியல் போடலாம், உக்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவள் ஒவ்வொரு சொல்லாக என் நோட்டில் எழுத, நான் அது எப்படித் தப்பாக வரும் என்று பக்கத்தில் எழுதினேன். இரண்டு பக்கம் நிறைந்தது. சார் வாசலில் நின்று கடிகாரத்தைக் காட்டினார். ஏற்காடு பஸ் கிளம்பிவிட்டது, அடுத்தது எப்போதோ. இருக்கட்டும் என்று கை காட்டினேன். போனில் வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்தது. “எங்க இருக்க?”

“வேலையில இருக்கேன்” என்று எழுதி அனுப்பிவிட்டு, மூன்றாவது பக்கத்தைத் திருப்பினேன்.